அத்தியாயம் 6: கையில் எவ்வளவு தேறும்? – ஆராய்ச்சி உதவித்தொகையும் வரியும்

தோல் தொழில் சம்பாதித்துக் கொடுத்த பணத்தில் பிள்ளைகளைப் படிக்க வைப்பது நம் பகுதிக்குப் புதிதில்லை. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-ல் வந்தது. மேல்விஷாரத்தில் தோல் வணிகர் சி. அப்துல் ஹக்கீம் பெயரில் 1965-ல் கல்லூரி தொடங்கினார்கள். ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் ஃபீஸ் கட்ட முடியாத பிள்ளைக்கு ஜமாத்தோ அறக்கட்டளையோ கம்பெனி முதலாளியோ கை கொடுப்பது இன்றும் நடக்கிறது. ஆனால் “நீ வந்து படி, மாதாமாதம் பணமும் நானே தருகிறேன்” என்று ஒரு பல்கலைக்கழகம் எழுதும் கடிதத்தை நம் வீடுகளில் பலர் பார்த்ததே இல்லை. அது சம்பளமா, கடனா, இனாமா என்பது அப்பாவுக்கும் புரிவதில்லை, பிள்ளைக்கும் புரிவதில்லை. அதனால் கடிதத்தில் பெரிதாகத் தெரியும் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள்.

பதனிட்ட தோலை அளவு மெஷினில் ஓட்டினால் இத்தனை சதுர அடி என்று காட்டும். ஷூவுக்கு வெட்டுகிறவர் அந்த எண்ணோடு நிற்பதில்லை. உண்ணிக் கடி, கத்திக் கீறல், வயிற்றுப் பக்கத்துத் தளர்ச்சி எல்லாம் போக வெட்டுக்கு எவ்வளவு தேறும் என்று விரித்துப் பார்ப்பார். உதவித்தொகைக் கடிதத்தையும் அப்படித்தான் விரித்துப் பார்க்க வேண்டும்.

எந்த நாட்டுக் கடிதமானாலும் வரிச் சட்டம் கேட்பது ஒரே கேள்வி: இந்தப் பணம் படிப்பதற்காகக் கொடுத்ததா, செய்த வேலைக்குக் கூலியாகக் கொடுத்ததா? படிப்புக்கு என்றால் பல நாடுகள் வரியைத் தள்ளுபடி செய்கின்றன. வேலைக்கு என்றால் சம்பளம் போல வரி போடுகின்றன. அமெரிக்கா மட்டும் இதில் கொஞ்சம் விலகி நிற்கிறது. அதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

இங்கேயே படித்தால்

நம் ஊரிலிருந்து தோல், வேதியியல், சுற்றுச்சூழல் என்று ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சென்னை அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், அதாவது சிஎல்ஆர்ஐ. 1948-ல் தொடங்கிய நிறுவனம். அங்கோ ஐஐடியிலோ பல்கலைக்கழகத்திலோ நெட் தேர்வில் ஜேஆர்எஃப், அதாவது இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றுச் சேர்ந்தால், 2023 ஜனவரி 1 முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து முதுநிலை, அதாவது எஸ்ஆர்எஃப் ஆனால் 42,000. மொத்தம் ஐந்தாண்டு. ஹாஸ்டல் கிடைக்காதவர்களுக்கு ஊரைப் பொறுத்து வீட்டு வாடகைப் படி தனி. பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை, அதாவது பிஎம்ஆர்எஃப் கிடைத்தவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டு மாதம் 70,000, மூன்றாம் ஆண்டு 75,000, பிறகு 80,000. எம்.டெக். படிப்பவருக்கு கேட் மதிப்பெண்ணின் பேரில் கிடைப்பது 12,400. மத்தியப் பல்கலைக்கழகத்தில் நெட் இல்லாமல் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவருக்கு வெறும் 8,000. ஒரே ஆய்வுக்கூடத்தில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்கிறவர்களுக்குள் இவ்வளவு வித்தியாசம். நியாயமா என்று கேட்டால் இல்லைதான். ஆனால் எந்த வரிசையில் சேருகிறோம் என்பதைச் சேருமுன் தெரிந்துகொள்வது உங்கள் கையில் இருக்கிறது.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. சிறுபான்மையினருக்காக 2009 முதல் இருந்த மௌலானா ஆசாத் தேசிய ஆராய்ச்சி உதவித்தொகையை மத்திய அரசு 2022-23 முதல் நிறுத்திவிட்டது. அண்ணன் வாங்கினார், மாமா பெண் வாங்கினாள் என்று நம்பி நெட் தேர்வை அலட்சியம் செய்யாதீர்கள். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழக அரசு முழுநேர முனைவர் படிப்புக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. அதற்கான அறிவிப்பைக் கல்லூரி அலுவலகம் பலகையில் ஒட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆதிதிராவிடர் நலத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் நீங்களே போய்க் கேளுங்கள்.

இன்னொன்று: நெட் உதவித்தொகை மாதாமாதம் முதல் தேதியில் வரும் சம்பளம் இல்லை. சேர்ந்தவுடன் சில மாதம் ஒன்றுமே வராது. பிறகு அரியராக மொத்தமாக வந்து விழும். சென்னையில் அறை அட்வான்ஸ், மெஸ் பணம், வண்டிச் செலவு என்று முதல் அரையாண்டைத் தாண்டுவதற்கு வேண்டிய பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு போவதே புத்திசாலித்தனம்.

இப்போது வரி. படிப்புச் செலவுக்காகக் கொடுக்கும் உதவித்தொகைக்கு வரி இல்லை என்று 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(16) பிரிவு சொன்னது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2025-ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இந்த விலக்கு அதிலும் தொடர்கிறது. கொடுப்பவர் அரசாங்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. ஊர் அறக்கட்டளை கொடுக்கும் படிப்பு உதவியும் இதில் அடங்கும். படிப்புச் செலவு என்றால் கல்லூரிக் கட்டணம் மட்டும் அல்ல, படிப்பதற்காக ஆகும் மற்றச் செலவுகளும் சேர்ந்ததுதான் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்கிறது. ஆகவே ஜேஆர்எஃப் பணத்தில் மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்பினால் அதற்கு வரி வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம்.

சிக்கல் வருவது பிராஜெக்ட் பணத்தில். ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு, பாலாற்றங்கரை நிலத்தடி நீர், டேனரிக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு: இந்தப் பகுதி ஆராய்ச்சிக்குப் பஞ்சமில்லாத இடம். கலவையிலிருந்தோ திமிரியிலிருந்தோ எம்.எஸ்சி. முடித்த பெண்ணை ஒரு பேராசிரியர் இப்படி ஒரு பிராஜெக்டில் சேர்த்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆணையில் “பிராஜெக்ட் அசோசியேட்” என்று இருந்தால் அது வேலை. அவள் அதே நேரத்தில் பிஎச்.டி.க்குப் பதிவு செய்திருந்தாலும், அலுவலகம் அந்தப் பணத்தை ஊதியமாகவோ தொழில்முறைக் கட்டணமாகவோ கணக்கில் எழுதி டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வரி) பிடிக்கக்கூடும். மருத்துவ மேற்படிப்பு மாணவர்களின் கதையும் இதுதான். பெயர் ஸ்டைபெண்ட், ஆனால் இரவு பகலாக வார்டில் செய்யும் வேலைக்குத்தான் பணம். ஆகவே சம்பளம் போல டிடிஎஸ் பிடிக்கிறார்கள்.

பிடித்துவிட்டார்களே என்று இடிந்து போக ஒன்றுமில்லை. புதிய வரி முறையில் 2025-26 முதல் ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை, தள்ளுபடி போக, வரி எதுவும் இல்லை. மாதம் 37,000 என்றால் ஆண்டுக்கு 4,44,000. பிஎம்ஆர்எஃப் 70,000 என்றாலும் 8,40,000. இதை வருமானம் என்றே வைத்துக்கொண்டாலும் கட்ட வேண்டிய வரி பூஜ்யம்தான். பிடித்த டிடிஎஸ் திரும்பி வர வேண்டும் என்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும், அவ்வளவுதான். வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணில் நுழைந்து 26ஏஎஸ் அறிக்கையைப் பாருங்கள். யார், எந்தப் பிரிவில், எவ்வளவு பிடித்தார்கள் என்று அதில் இருக்கும். மூவாயிரம் நாலாயிரம்தானே என்று விட்டுவிடுகிற மாணவர்கள் நிறையப் பேர். அது ஒரு மாத மெஸ் பணம்.

அமெரிக்கக் கடிதம்

வேலூர் பக்கத்திலிருந்து அமெரிக்கா போகிறவர்களில் பெரும்பாலோர் கடன் வாங்கிப் போகும் எம்.எஸ். மாணவர்கள். அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கட்டணத்தில் ஒரு பகுதித் தள்ளுபடி. கைக்குப் பணம் வருவது அபூர்வம். இந்தப் பகுதி முக்கியமாகப் பிஎச்.டி. கடிதம் வந்தவர்களுக்கு.

அந்தக் கடிதத்தில் பொதுவாக மூன்று பணம் இருக்கும். டியூஷன் தள்ளுபடி ஒன்று. ஆசிரியர் உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ வேலை செய்வதற்குக் கொடுக்கும் ஊதியம் இரண்டாவது. இவைதான் டிஏ, ஆர்ஏ. வேலை எதுவும் கேட்காமல் கொடுக்கும் ஃபெல்லோஷிப் மூன்றாவது. சில கடிதங்களில் மூன்றும் கலந்து வரும்: முதலாண்டு ஃபெல்லோஷிப், இரண்டாம் ஆண்டு முதல் டிஏ என்பது வழக்கமான ஏற்பாடு.

டியூஷன் தள்ளுபடிக்கு வரி இல்லை. 2017 நவம்பரில் அமெரிக்கக் கீழவை அதற்கும் வரி போட ஒரு மசோதாவை நிறைவேற்றியது. நாடு முழுக்க மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். டிசம்பரில் வந்த இறுதிச் சட்டத்தில் அந்த விதி இல்லை. டிஏ, ஆர்ஏ ஊதியத்துக்குச் சம்பளம் போல வரி. நம் ஆட்கள் தடுக்கி விழுவது மூன்றாவதில். ஃபெல்லோஷிப் என்றால் படிக்கக் கொடுத்த பணம், இந்தியாவைப் போல வரி இருக்காது என்று நினைத்துவிடுகிறார்கள். 1986-ல் அங்கே சட்டத்தை மாற்றிவிட்டார்கள். ஃபெல்லோஷிப்பில் கட்டணத்துக்கும், கட்டாயப் புத்தகங்களுக்கும் கருவிகளுக்கும் போகிற பகுதிக்கு மட்டும் விலக்கு. வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போகிற பகுதிக்கு வரி உண்டு. மாதாமாதம் கைக்கு வருவதில் பெரும்பகுதி அப்படித்தானே செலவாகிறது.

இனி நல்ல செய்தி. இந்தியாவும் அமெரிக்காவும் 1989-ல் கையெழுத்திட்ட இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவு, இந்திய மாணவர்களுக்கு மற்ற நாட்டு மாணவர்களுக்கு இல்லாத ஒரு சலுகையைத் தருகிறது. அமெரிக்கக் குடிமக்களுக்குக் கிடைக்கும் நிலையான கழிவை, ஸ்டாண்டர்ட் டிடெக்‌ஷனை, எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கும் இந்தியரும் எடுத்துக்கொள்ளலாம். 2025-க்கு அது 15,750 டாலர், 2026-க்கு 16,100.

இதன் மதிப்பை ஒரு கணக்கில் பாருங்கள். ஆண்டுக்கு 30,000 டாலர் ஊதியம் என்று வைத்துக்கொள்வோம். 2025 கணக்குப்படி 15,750 கழிந்தால் மீதி 14,250. முதல் 11,925-க்குப் பத்து விழுக்காடு, மீதி 2,325-க்குப் பன்னிரண்டு விழுக்காடு. மொத்த மத்திய வரி சுமார் 1,471 டாலர். இந்தக் கழிவு இல்லாத வேறு நாட்டு மாணவர், தனி ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால், அதே 30,000-க்கு சுமார் 3,361 கட்ட வேண்டும். ஒப்பந்தத்தின் அந்த ஒரே பிரிவால் 1,890 டாலர் மிச்சம். வேலையில் சேரும் நாளில் நிரப்பும் டபிள்யூ-4 ஃபார்முக்கான வெளிநாட்டவர் வழிமுறைகளில் இந்திய மாணவருக்குத் தனிக் குறிப்பு இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் சம்பளப் பிரிவில் உட்கார்ந்திருப்பவருக்கு இது எப்போதும் தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது. “இந்தியா, ட்ரீட்டி, ஆர்ட்டிகிள் 21(2)” என்று நீங்களே வாய் திறந்து சொல்ல வேண்டும்.

ஃபெல்லோஷிப் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். வெளிநாட்டு மாணவரின் ஃபெல்லோஷிப்பில் 14 விழுக்காடு முன்கூட்டியே பிடிப்பதுதான் அங்கே பொது விதி. 30,000-க்கு 4,200 போய்விடும். கட்ட வேண்டியதோ 1,471. மீதி 2,700 டாலருக்கு மேல் ரிட்டர்ன் போட்டால்தான் வரும். பிடித்ததைக் காட்டும் தாள் 1042-எஸ், சம்பளத்துக்கு டபிள்யூ-2. இரண்டும் இருந்தால் இரண்டும் வந்து சேரும்வரை பொறுத்திருந்து கணக்குப் போடுங்கள். ஒன்று முன்னால் வந்துவிட்டதே என்று அவசரப்பட்டால் மறுபடி திருத்த வேண்டியிருக்கும்.

நிரப்ப வேண்டியது 1040-என்ஆர் என்ற ஃபார்ம், கூடவே 8843. வருமானமே இல்லாத ஆண்டிலும் 8843-ஐ அனுப்ப வேண்டும். டர்போடாக்ஸ் 1040-என்ஆர் செய்வதில்லை. அதில் போட்டால் நீங்கள் அமெரிக்கவாசி என்று தவறான ஃபார்ம் போய்விடும். தகுதியில்லாத சலுகையைக் கோரியதாகப் பின்னால் தலைவலி வரும். பல பல்கலைக்கழகங்கள் ஸ்ப்ரின்டாக்ஸ் என்ற மென்பொருளுக்கு இலவசக் குறியீடு தருகின்றன. வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள்.

ஆகஸ்டில் போய் இறங்குகிறவருக்கு முதல் காலண்டர் ஆண்டில் ஐந்து மாத ஊதியம்தான். மாதம் 2,500 என்றால் 12,500. நிலையான கழிவுக்குள் அடங்கிவிடுகிறது. மத்திய வரி இல்லை. பிடித்திருந்தால் அத்தனையும் திரும்ப வரும். ஆனால் அந்த ஐந்து மாதமும் ஒரு முழு ஆண்டாகக் கணக்கில் ஏறிவிடும். எஃப்-1 மாணவர் முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்கு வரிச் சட்டத்தின் கண்ணில் வெளியூர்க்காரர்; அதுவரை சோஷியல் செக்யூரிட்டி 6.2 விழுக்காடும் மெடிகேர் 1.45 விழுக்காடும் பிடிக்கக் கூடாது. 2025 ஆகஸ்டில் போனவர் 2030-ல் உள்ளூர்க்காரர் ஆகிவிடுவார். அப்போது அவர் உலகம் முழுக்க உள்ள வருமானத்தைக் காட்ட வேண்டும். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஏதாவது ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினால் தனி அறிக்கையும் உண்டு. குடியாத்தம் வங்கியில் அப்பா போட்ட எஃப்டியில் உங்கள் பெயர் இரண்டாவதாக இருந்தாலும் அது இந்தக் கணக்கில் சேரும். கிளம்புமுன் எந்தெந்தக் கணக்கில் உங்கள் பெயர் இருக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள்.

மாநில வரி தனி. டெக்சாஸ், ஃப்ளோரிடா, வாஷிங்டன் மாநிலங்களில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. பென்சில்வேனியாவில் 3.07 விழுக்காடு. கலிஃபோர்னியா மத்திய அரசின் வரி ஒப்பந்தங்களை ஏற்பதில்லை.

கடிதத்தை விரித்துப் படிப்பது

இரண்டு கடிதம் வந்திருக்கிறது என்று வையுங்கள். ஒன்றில் 34,000 டாலர். கட்டாயக் கட்டணம் 1,900-ஐயும் மருத்துவக் காப்பீடு 3,600-ஐயும் மாணவரே கட்ட வேண்டும். மாநில வரியும் உண்டு. இன்னொன்றில் 30,000, கட்டணம், காப்பீடு இரண்டும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு, இடம் டெக்சாஸ். இரண்டும் டிஏ ஊதியம். முதல் கடிதத்தில் மத்திய வரி சுமார் 1,951. அதுவும் 5,500-ம் கழிந்தால் நிற்பது 26,549. மாநில வரி இன்னும் கழியவில்லை. இரண்டாவதில் 1,471 போக 28,529. நாலாயிரம் பெரிதாகத் தெரிந்த கடிதம் வாடகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே இரண்டாயிரம் சிறிதாகிவிட்டது.

தொகைக்குப் பக்கத்தில் எத்தனை மாதம் என்று பாருங்கள். “ஒன்பது மாத நியமனம்” என்றால் ஜூன், ஜூலை, ஆகஸ்டுக்குப் பணம் இல்லை. கோடையில் பேராசிரியரிடம் வேலை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். “0.50 எஃப்டிஇ” என்றால் வாரம் இருபது மணி நேர வேலை. எஃப்-1 விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் அதற்கு மேல் வேலை செய்யக் கூடாது. ஆகவே டிஏ போக நூலகத்தில் நாலு மணி நேரம் சேர்த்துச் சம்பாதிக்கலாம் என்ற கணக்கு செல்லாது. “திருப்திகரமான முன்னேற்றத்துக்கும் நிதி இருப்புக்கும் உட்பட்டு” என்ற வாக்கியம் பெரும்பாலான கடிதங்களில் இருக்கும். அதன் பக்கத்தில் “ஐந்து ஆண்டுக்கு உறுதி” என்று இருக்கிறதா, “ஓராண்டுக்கு, புதுப்பிக்கத்தக்கது” என்று இருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். ஒரே பேராசிரியரின் மானியத்தை நம்பிய ஆர்ஏ என்றால், அந்த மானியம் எந்த ஆண்டு முடிகிறது என்று கேட்பதில் தப்பே இல்லை. மரியாதையாகக் கேட்டால் மரியாதையாகவே பதில் வரும். பணத்தைப் பற்றிப் பேசினால் இடம் போய்விடுமோ என்ற கூச்சம் நம் மாணவர்களுக்குக் கொஞ்சம் அதிகம். அங்கே அப்படி யாரும் நினைப்பதில்லை.

முடிவு சொல்ல அவசரப்படுத்துகிறார்களா? அமெரிக்கப் பட்டமேற்படிப்புப் பள்ளிகளின் கூட்டமைப்பில் பல பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்ட ஏப்ரல் 15 தீர்மானம் ஒன்று இருக்கிறது. நிதியுதவியோடு வரும் அழைப்புக்கு அந்தத் தேதிக்கு முன் மாணவர் பதில் சொல்லியே தீர வேண்டியதில்லை. உங்களை அழைத்த பல்கலைக்கழகம் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிதானமாக முடிவு எடுங்கள். அதே நேரம், கடிதம் வந்துவிட்டதாலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்றும் இருக்க வேண்டாம். அமெரிக்க அரசின் ஆராய்ச்சி மானியங்கள் ஆட்டம் கண்ட 2025-ல், மாசசூசெட்ஸில் உள்ள யூமாஸ் சான் மருத்துவப் பள்ளி பிஎச்.டி.க்குக் கொடுத்த அழைப்புகளையே திரும்பப் பெற்றது. இந்தியாவில் கிடைத்த இடத்தை விசா கைக்கு வரும்வரை விட்டுவிடாதீர்கள்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தோல் தொழில் கல்விக்குப் பெயர்போன நார்த்தாம்ப்டன் இருக்கும் பிரிட்டனில், ஆராய்ச்சி மாணவரின் உதவித்தொகைக்கு வருமான வரி இல்லை. அரசின் ஆராய்ச்சி அமைப்பு 2025-26-க்கு வைத்த குறைந்தபட்சத் தொகை 20,780 பவுண்டு. அது முழுதும் கையில் நிற்கும். ஆனால் வெளிநாட்டு மாணவருக்கும் உள்நாட்டு மாணவருக்கும் கட்டணத்தில் உள்ள வித்தியாசத்தை யார் கட்டுவது என்பதைக் கடிதத்தில் தேடுங்கள். ஜெர்மனியில் முன்னே சொன்ன கேள்வி அப்படியே திரும்ப வரும். ‘ஸ்டிபெண்டியம்’ என்றால் வழக்கமாக வரி இல்லை, மருத்துவக் காப்பீட்டை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழக வேலையாக, டிவி-எல் 13 ஊதிய வரிசையில் 65 அல்லது 75 விழுக்காடு இடம் என்றால் தொகை பெரிதாகத் தெரியும். வரி, காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் பிடித்ததுபோகத்தான் கைக்கு வரும். பிடித்ததற்கு ஈடாகக் காப்பீடும் வேலைக்கான உரிமையும் கிடைக்கும் என்பதால் நான் இரண்டாவதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

கிளம்பும் ஆண்டின் சிக்கல்

ஜூலை மாதம் வேலூரில் எந்த ஆடிட்டர் அலுவலகத்திலும் இந்தப் பேச்சு நடக்கக்கூடும். ஆம்பூர் ஷூ கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் கேட்கிறார்:

“சார், பொண்ணு போன ஆகஸ்ட்ல அமெரிக்கா போச்சு. அங்க சம்பளம் மாதிரி ஏதோ தர்றாங்களாம். அதுக்கு இங்க நான் வரி கட்டணுமா?”

“உங்க தலையில வராதுங்க. பொண்ணு பேர்லதான் பார்க்கணும். போன வருஷம் ஏப்ரல்லேர்ந்து எத்தனை நாள் இங்க இருந்தாங்க?”

“ஆகஸ்ட் அஞ்சாந்தேதி ஃபிளைட்டுங்க.”

“அப்ப நூத்தி இருபது நாளுக்கு மேல ஆச்சே. பான் கார்டு, அங்க பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாம் அனுப்பச் சொல்லுங்கண்ணா.”

ஆடிட்டர் ஏன் நாள் கணக்குக் கேட்டார்? வெளிநாட்டில் வேலைக்காகக் கிளம்பும் இந்தியர், அந்த நிதியாண்டில் 182 நாள் இங்கே இருந்தால்தான் இந்தியவாசி. படிக்கப் போகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. 60 நாள் இருந்தாலே, முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாள் இங்கே இருந்தவர் இந்தியவாசிதான். ஆகஸ்டில் கிளம்பிய மாணவர் எல்லோரும் அந்த ஆண்டுக்கு இதில் மாட்டுவார்கள். டிஏ நியமனமும் வேலைதானே என்று ஆடிட்டர் வாதாடலாம்; வாதம் எடுபடும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. இந்தியவாசி என்றால் மார்ச் வரை அங்கே வாங்கிய டிஏ ஊதியமும் இங்கே கணக்கில் வரும். ஏழெட்டு மாத டாலர் ஊதியம் ரூபாயில் 12 லட்சத்தைத் தாண்டிவிடும். படிப்புக்கான ஃபெல்லோஷிப் என்றால் முன்னே சொன்ன விலக்கைக் கோரலாம். அதைவிட முக்கியம், வெளிநாட்டு வங்கிக் கணக்கு வைத்திருக்கும் இந்தியவாசி வருமானமே இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் போட வேண்டும். வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அந்தக் கணக்கைக் காட்ட வேண்டும். அடுத்த ஆண்டு முதல் அங்கேயே இருந்தால் நீங்கள் வெளிநாட்டுவாசி. அங்கே சம்பாதித்ததற்கு இங்கே வரி இல்லை.

இதற்கு நடுவில், அந்நியச் செலாவணிச் சட்டப்படி நீங்கள் கிளம்பிய நாளிலிருந்தே வெளிநாட்டுவாசி. படிக்கப் போகிறவர்களும் என்ஆர்ஐ கணக்கில்தான் வருவார்கள் என்று ரிசர்வ் வங்கி 2003 டிசம்பரிலேயே தெளிவாக்கிவிட்டது. ஆகவே வரிச் சட்டத்தில் இந்தியவாசியாக இருக்கும் அதே ஆண்டில், உங்கள் சேமிப்புக் கணக்கை வங்கியில் வெளிநாட்டுவாசிகளுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரே ஆளுக்கு இரண்டு சட்டத்தில் இரண்டு அடையாளம். விசித்திரம்தான், ஆனால் இதுதான் நடைமுறை.

இங்கிருந்து பணம் அனுப்பும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஒரு நிதியாண்டில் ஒருவர் 10 லட்சம் வரை அனுப்பினால் டிசிஎஸ் (அனுப்பும்போது வங்கி வசூலிக்கும் வரி) இல்லை; வங்கிக் கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கு அதற்கு மேலும் இல்லை. பிடித்தாலும் அது உங்கள் வரிக் கணக்கில் வரவு வைக்கப்படும், ரிட்டர்னில் திரும்பப் பெறலாம். அங்கிருந்து வீட்டுக்கு அனுப்பும் பிள்ளைகளுக்கும் ஒன்று. 2026 ஜனவரி முதல் அமெரிக்காவில் ரொக்கமாகக் கொடுத்து அனுப்பும் பணத்துக்கு ஒரு விழுக்காடு வரி. வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் கிடையாது.

நம் பகுதிக் கல்லூரிகளில் இந்தக் கடிதம் எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு மாதிரி கூடக் கிடையாது. இந்த ஆண்டு யாருக்காவது அழைப்பு வந்தால், பெயரையும் எண்ணையும் மறைத்து ஒரு நகலை, முதல் வரி ரிட்டர்னின் நகலோடு, நீங்கள் படித்த துறையின் கோப்பில் வைத்துவிட்டுப் போங்கள். அடுத்து வருகிறவருக்கு இந்த அத்தியாயத்தைவிட அதுதான் உதவும்.